ஒரே நம்பரில் நாற்பத்து மூன்று பேர்

"ஹலோ... ஹலோ, யாரு, சிஸ்டரா? செங்கல் சூளைகிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிதானே? ... ஆமா, ஆமா, தலைமை ஆபீஸ்லேர்ந்துதான். நோய்க் கண்காணிப்புப் பிரிவு. ... இல்லைங்க, டாக்டர் இல்லை, நான் டேட்டா பார்க்கிறவன். ... வேலையா இருப்பீங்க, தெரியும். வச்சிடாதீங்க, ஒரே ஒரு நிமிஷம்!"

பேசியவருக்கு அலுவலகத்தில் 'சல்லடை' என்று பெயர். மருத்துவமனைகள், மருந்துக் கடைகள், ஜனங்கள் கைப்பேசியில் தேடும் வார்த்தைகள் என்று ஒரு நாளைக்கு அறுபது லட்சம் வரிகள் அந்த அறைக்கு வந்து கொட்டும். ஒரே நோயாளி இரண்டு முறை பதிவானால் கணக்கு வீங்கிப்போகும். ஒரே போன் நம்பர் என்றால் ஒரே ஆள் என்று விதி எழுதி, இரட்டைப் பதிவுகளைச் சலித்துத் தள்ளியவர் அவர்தான். அதற்குப் பாராட்டுப் பத்திரமும் வாங்கியிருந்தார். அந்தப் பெருமை இன்னும் முழுதாக இறங்கியபாடில்லை.

"விஷயம் என்னன்னா, உங்க பதிவைப் பார்த்து எனக்கே தலை சுத்துது. ஒரே ஆளு நாலு நாள்ல நாப்பத்தி மூணு தடவை வாந்திபேதின்னு வந்திருக்காரு. ஒரு தடவை வயசு ஆறு, மறு தடவை அறுபது! ... சிரிப்பு வரலையா உங்களுக்கு? சரி, சரி. ... அந்த வரிங்களை நீங்களே அழிச்சிட்டா நல்லது. எல்லாத்துலயும் நம்பர் ஒண்ணேதான், கடைசி மூணு எண்... ஆமா, அதேதான். ... யாருது? ... உங்க சொந்த நம்பரா?"

சல்லடை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்தவங்க யார்கிட்டயும் போனே இல்லையா. ... ஆமா, நம்பர் போடாம அடுத்த பக்கம் போகாது. தெரியும், அப்படி வச்சதே நாங்கதான். ... அதனால உங்க நம்பரை... எல்லாருக்குமா? ... இருங்க, இருங்க. அப்போ நாப்பத்தி மூணும் நாப்பத்தி மூணு பேரா?"

எதிர்ச் சுவரில் பெரிய திரையில் நாட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. செங்கல் சூளைப் பகுதி பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரே ஒரு நோயாளிக்கெல்லாம் நிறம் மாறாது.

"எப்படி இருக்காங்க எல்லாரும்? ... ரெண்டு பேரா. ... எப்ப? ... இன்னிக்குக் காலையிலயா. ... ம். ... ம். ... திட்டுங்க, பரவாயில்லை. ... மருந்துக் கிடங்குல மூணு நாளா கேட்டிருக்கீங்களா? 'ஒரு நோயாளிக்கு எதுக்கு இருநூறு பாட்டில் சலைன்'னு அவங்க... ஐயோ. ... இல்லைங்க, அவங்க மேல தப்பில்லை. நான்தான். ... நிஜமாவே நான்தான், அந்த விதியை எழுதினவன் நான். ... லைன்லயே இருங்க, மேடத்தைப் பிடிக்கிறேன்."

ரிசீவரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் இன்டர்காமை எடுத்தார்.

"மேடம், ஒரு அவசரம்... இல்லை மேடம், செங்கல் சூளைக்குப் படம் பச்சை காட்டுறது தப்பு. நாப்பத்தி மூணு பேர், ரெண்டு சாவு. ... விருந்தாளிங்க இருக்காங்கன்னு தெரியும் மேடம். ... நானே கையால மாத்திடட்டுமா? ... திங்கக்கிழமையா? இன்னிக்கு வெள்ளி மேடம்! ... சரி, மருந்து வண்டியாவது? ... ரெண்டு வண்டியும் சிவப்பு காட்டின ஊருக்குப் போயிடுச்சா? அந்த ஊர்ல நோயே இல்லை மேடம், சீரியல்ல கதாநாயகி வாந்தி எடுத்தான்னு ஊரே போன்ல தேடியிருக்கு, அதுக்குத்தான் சிவப்பு காட்டுச்சு! ... ஆமா மேடம். ... சரி மேடம்."

மேடம் கெட்டவர் இல்லை. உள்ளே ஏழு நாட்டு அதிகாரிகளிடம், இந்தப் படம்தான் உலகத்துக்கே காவல் என்று விளக்கிக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்திப் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். படம் வாரத்துக்கு ஒரு முறை, தானாக மாறும். இடையில் யார் கையும் அதன்மேல் படக் கூடாது. உள்ளூர் அதிகாரிகள் சாவை மறைத்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு போட்ட பூட்டு அது. சிவப்பு காட்டாத இடத்துக்குக் கிடங்கு திறக்காது.

"சிஸ்டர், இருக்கீங்களா? ... வண்டி வராதுங்க. ... பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கும் வராது. ... மருந்துக் கடைங்க? ... எல்லாம் தீர்ந்துபோச்சா. ... பக்கத்து ஆஸ்பத்திரி? ... அங்கயும் இதே கதியா! ... நானே எங்கயாவது வாங்கிட்டுக் கிளம்பட்டுமா? ... ஆமா, வந்து சேர ஒன்றரை நாள் ஆகும்தான். ... ஆமா. ... ஆமா, அதுக்குள்ள... புரியுது. ... உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுத்துப் பார்த்தீங்களா? ... தங்கலையா. ... சரி, கையில எத்தனை பாட்டில் இருக்கு? ... மூணு. ... இப்பவே ஏத்தியாகணும்கிறவங்க? ... பதினொண்ணு."

இரண்டு எண்களையும் பழக்கதோஷத்தில் எழுதிவைத்தார். எழுதி என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"என்னங்க? ... நானா? ... இல்லை, இல்லை, நான் எப்படிங்க அதை... நான் டாக்டர்கூட இல்லை. ... அங்க நீங்க தனி ஆள்தான், ஒத்துக்கறேன். ... பதினோரு முகமும் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, சரி... அதுக்காக யாருக்கு ஏத்தணும்னு நான் சொல்லணுமா? ... அழாதீங்க சிஸ்டர். ... அழாதீங்க."

ஒரே வரி விதியில் நாற்பத்து இரண்டு பேரைச் சலித்துத் தள்ளியபோது அவருக்குக் கை வலிக்கவில்லை. இப்போது ரிசீவர் வியர்வையில் வழுக்கியது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சரி... சரி, கேளுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு முதல்ல ஏத்திடுங்க. அதுதானே நியாயம்? யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. ... ஹலோ? ... எத்தனைன்னீங்க? ... அஞ்சு பிள்ளைங்களா."

அவர் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்தார். பாட்டில் மூன்றுதான். மறுமுனையில் யாரோ வாளியை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.

"சிஸ்டர்... அந்த அஞ்சு பேர்ல..."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.