எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லல

நிறுத்துக்கா. நிறுத்துன்னா நிறுத்து. எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது அடைச்சுப் போகல. இப்ப வாசிச்ச பாரு, அத மறுபடி வாசி.

என்னது, தொண்ட கட்டிக்கிச்சா? தண்ணி பக்கத்துலதான இருக்கு, குடி. சரி, நானே சொல்றேன். கதையில எல்லாரும் ரயில் தண்டவாளத்து மேல நடந்து போறாங்க. டாக்டரம்மா முன்னால போறா. லாரிக்காரன் இருமறான், மத்தவங்க அவன விட்டு எட்டி நடக்கறாங்க. அப்ப எக்ஸ்சேஞ்ச் அம்மா, காத்து நல்லா இருக்குன்னு சொல்றா. சொன்னா இல்ல? அதுக்கு யாரு என்ன பதில் சொன்னாங்க?

யாரும் சொல்லலையா. ம்.

நேத்து, எனக்குப் பசிக்கலன்னா. ஒருத்தனும் வாயத் தொறக்கல. அதுக்கு முந்தி, ராத்திரி குளிரும்போலன்னா. அதுக்கும் இல்ல. பாதிப் புஸ்தகமா அந்தம்மா தன்னால பேசிக்கிட்டு வருது, ஒரு நாய்கூட திரும்பிப் பாக்கல. ஊர் ஊரா ஜனம் காய்ச்சல்ல செத்துப்போய், மிச்சம் இருக்கறது ஒரு வேன்ல அடங்கற கூட்டம். அதுல ஒருத்தி பேசினா, ம்னு சொல்லக்கூடவா ஆளில்ல? என்ன, மொத்தப் பேரும் அவகிட்ட டூ விட்டுட்டாங்களா?

சிரிக்காத. நான் இப்ப சிரிக்க வைக்கல.

முன்னால எப்படி இருந்தா அவ! காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து லைன் போட்டுக் குடுத்தவ. என்ன மாதிரியே கண்ணு தெரியாது, ஆனா குரல வச்சே ஆள எடை போட்டுருவா. யாருக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டரம்மாவுக்கு முந்தியே கண்டுபிடிச்சவ அவதான். ஏம்ப்பா லாரி, உன் குரல்ல ஈரம் ஏறியிருக்கு, தள்ளி நில்லுன்னாளே, நான் கைதட்டினேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கே அவளுக்கு ஒரு குரல் புடிச்சுப் பேசிக் காட்டினேன். அந்தக் குரல்ல நான் கூப்பிட்டதும் யாரோ வந்துட்டாங்கன்னு நம்ம அம்மா கைய தொடச்சுக்கிட்டே வாசலுக்கு ஓடினா. அப்பேர்ப்பட்டவ, பெட்ரோல் பங்க்ல தங்கின ராத்திரிக்கு அப்புறம் காத்து நல்லா இருக்கு, காத்து நல்லா இருக்குன்னுக்கிட்டே வர்றா. ஒரு கல்லு தடுக்கல. தண்டவாளத்துலக்கா! நான் நம்ம ஹால்லயே செருப்பு தடுக்கி விழறேன்.

பங்க்குக்கு அப்புறம் அவ பேசினதுல ஒரு வரிகூட புஸ்தகத்துல இல்ல. எல்லாம் உன் சொந்தச் சரக்கு.

எப்படித் தெரியுமா? ஒரு தாளத் திருப்பினா சர்ருன்னு கேக்கும். பெட்ரோல் பங்க்ல நீ திருப்பினது பொத்துன்னு விழுந்துச்சு. ஒரு கொத்துத் தாளே போச்சு. அப்புறம் உன் குரலு. பொய் சொல்லும்போது தேன் ஊத்துவ நீ. இரு, பண்ணிக் காட்டறேன். விடிஞ்சதும்... எல்லாரும் கெளம்பினாங்க... எக்ஸ்சேஞ்ச் அம்மாவும் கூடவே வந்தா... கேட்டுச்சா? அது நீயேதான்.

ஆமா, போன்ல படம் புடிச்சா அதுவே வாசிக்கும். சாவையும் சோப்பு விளம்பரத்தையும் ஒரே மாதிரி வாசிக்கும். எனக்கு அது வேணாம். மறைச்சது நீ. வாசிக்க வேண்டியதும் நீ.

சொல்லு. செத்துட்டாளா? காய்ச்சலா?

சாகலையா?

விட்டுட்டு வந்துட்டாங்களா.

ஓ. யாரு முடிவு பண்ணினது? டாக்டரம்மாவா! ச்சீ, அவ குரலுக்கு நான் எவ்வளவு உழைச்சேன். தண்ணி பாட்டிலும் பிஸ்கட்டும் வச்சுட்டு, வழி பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்னாங்களா. உன் நல்லதுக்குத்தான்னு சொல்லியிருப்பாங்களே? சொன்னாங்கள்ல. நெனச்சேன்.

அவ என்ன சொன்னா அதுக்கு? குரல வச்சு ஆள எடை போடறவகிட்டயே போய்ப் பொய் சொல்லியிருக்காங்க. தெரியாமலா இருந்திருக்கும்? என்ன சொன்னா?

அழாதக்கா, எரிச்சலா இருக்கு. நீ அழுதா அம்மா வருவா. ஏன்டா அவள அழ வைக்கற, நாள் பூரா உனக்குத்தான மாரடிக்கறா! பின்னாலயே அப்பா. ஹ்ம்க்கும், என்ன அங்க சத்தம், புரியுதா? பாத்தியா, மொத்த நாடகத்தையும் நானே நடத்திட்டேன். அவங்க வரவே வேணாம்.

ஏன் மறைச்சன்னு நான் கேக்கவே இல்ல, கவனிச்சியா? அப்பாவுக்கு மாத்தல் வந்ததுலேர்ந்து அம்மா டேப்ப வச்சுக்கிட்டு வீட்டையே அளக்கறா. சர்ர்ர், டக். உன் கட்டில். சர்ர்ர், டக். அவங்க பீரோ. செருப்பு ஸ்டாண்டக்கூட அளந்தா, புது வீட்டு வாசல்ல அடங்குமான்னு. என் ரூம்ல மட்டும் அந்தச் சத்தம் வரவே இல்ல. செருப்பு வைக்கற பலகைக்கு இருக்கற யோகம் என் கட்டிலுக்கு இல்ல.

அப்புறம் பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டுப் போன்ல குசுகுசுன்னு பேசறா. எனக்குக் கேக்காதாம். அவ குளிக்கும்போது அவ போன எடுத்து, கடைசியாப் பேசின நம்பருக்கே அடிச்சேன். ஹ்ம்க்கும், வணக்கம்மா, பையனோட அப்பா பேசறேன், ஏற்பாடெல்லாம் எந்த அளவுல இருக்கு, புரியுதா? என்னச் சேக்கப்போற ஹாஸ்டல்ல போன எடுத்த பொண்ணு துளி சந்தேகப்படல. எல்லாம் ரெடி சார், ஜன்னல் பக்கமே கட்டில் போட்டிருக்கோம், பையன் நல்லா வேடிக்கை பாக்கலாம்ன்னுச்சு. எல்லா அப்பாகிட்டயும் அதத்தான் சொல்லும்போல. வேடிக்கையாம்! எனக்கு! விழுந்து விழுந்து சிரிச்சேன், அப்பா குரல்லயே. அப்பா சிரிச்சுக் கேட்டதில்லையா, ஒரு குத்துமதிப்பா சிரிச்சு வச்சேன்.

சொல்லாத. புது வீட்டுல படி ஜாஸ்தி, அங்க இவனுக்குத் தோதா பள்ளிக்கூடம் இல்ல, லீவுக்கு வரப்போறான், அவன் நல்லதுக்குத்தான். எல்லார் வசனமும் எனக்கு மனப்பாடம். உன்னோடதுதான் தெரியல. நீ வசனம் பேசல. பக்கத்தத் திருப்பிட்ட.

அந்தப் பொண்ணுகிட்டயே, வேணாம்மா, பையன் எங்ககூடயே வரட்டும்னு சொல்லி வச்சிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். யாரு குரல் வேணா வருதுக்கா எனக்கு, பூனை வருது, பிரஷர் குக்கர் வருது. அப்பா குரல்ல அந்த ஒரு வரி மட்டும் வர மாட்டேங்குது.

அதனால வந்ததச் சொன்னேன். அடுத்த வாரம் வரைக்கும் எதுக்கும்மா, இன்னைக்கே வண்டி அனுப்பிடுங்கன்னேன். சரிங்க சார்ன்னுச்சு. பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு, நானே கட்டிட்டேன்.

நம்ம வீட்டு பெல்தான். நீ எந்திரிக்காத, அம்மா தொறப்பா. யாரு அனுப்பினது, யாரு கூப்பிட்டதுன்னு அவங்க பேசி முடிக்கவே நேரமாகும். அந்தக் கொத்தப் பின்னால திருப்பு. பெட்ரோல் பங்க். அவ என்ன சொன்னா, அத மட்டும் வாசி.

தேன் ஊத்தாம வாசி.