பாலாடையில் நாலு புள்ளி

— பொறு, பவுனம்மா! அந்த வெள்ளிப் பாலாடையைப் புளி போட்டுத் தேய்க்காதை. அந்த நாலு புள்ளியும் அழிஞ்சுபோச்செண்டால் நான் துரைக்கு என்னத்தைக் காட்டுறது?

— அழியாதுங்க ஐயா. புள்ளைக்குப் பால் ஊட்டுற இந்தப் பாலாடைய நீங்க வாங்கிட்டீங்களா?

— இன்னும் வாங்கேல்லை. நேற்றுச் சொன்னனே, மேரு தோட்டத்து அய்யாவு கங்காணி பாக்கத் தந்தவர், இண்டைக்கு விலை பேச வாறார். எங்கட ரயில்வே துரைக்குப் பழைய வெள்ளிச் சாமான் எண்டால் உயிர். ஆனால் ஆர் செய்தது எண்டு தெரியாமல் தொடமாட்டார். நானும் தேடாத இடமில்லை. வெள்ளியில குத்துற முத்திரையெல்லாம் படம் போட்ட லண்டன் புத்தகம் ஒண்டு வாசிகசாலையில கிடக்கு. சிங்கம் இருக்கு, நங்கூரம் இருக்கு. இப்படி மேல ரெண்டு கீழ ரெண்டு புள்ளி மட்டும் இல்லை.

— நம்ம ஊரு ஆசாரி குத்தினதா இருக்காதா ஐயா?

— கிள்ளானுக்குப் போய்ப் பத்தரிட்டையும் காட்டினன். தான் அறிய இப்படி ஒருத்தரும் குத்துறேல்லை எண்டார். பாசார் பக்கத்து நகைக்கடைச் சீனத் தவுக்கே கண்ணாடி வைச்சுப் பாத்திட்டுக் கையை விரிச்சிட்டான். யாழ்ப்பாணத்தில எங்கட தட்டாருக்கும் படம் கீறி அனுப்பினன். ஒண்டும் சரிவரேல்லை.

— எனக்குத் தெரியும் ஐயா.

— உனக்கோ? சொல்லன், கேப்பம்.

— இப்ப இல்ல. கங்காணி வரட்டும். நேத்து இதப் பாத்ததுலருந்து வயிறு எரியுது. அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தான் ஆறும்.

— என்ன கண்டறியாத கதை! அதுசரி, அடுப்படியில இருக்கிற உந்தப் பொம்பிளையள் ஆர்?

— தோட்டத்துல எங்கூட ரப்பர் பால் வெட்டினவங்க. அவங்களும் கங்காணியப் பாக்கணுமாம். சத்தம் போடமாட்டாங்க, ஒக்காந்திருக்கட்டும் ஐயா. அந்தா, வந்துட்டான்.

— ஐயா, வணக்கம்! சாமி சத்தியமா, பிரிக்பீல்ட்ஸ் வெயிலு மண்டையப் பொளக்குது. துரைக்குப் புடிச்சிருக்காமா?

— இரும், கங்காணி. முத்திரை ஆருடையது எண்டு தெரியாமல் துரை அசையமாட்டார். இது உங்கட வீட்டுச் சாமானோ?

— சாமி சத்தியமா எங்க பாட்டன் காலத்துச் சாமான் ஐயா. அந்த நாலு புள்ளி தஞ்சாவூரு அரமனை முத்திரை. எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. அட, இது நம்ம பவுனு இல்ல? இங்கயா வேல பாக்குற?

— ஆமாங்க கங்காணி. அரமனை முத்திரைங்கிறீங்க. ராசா பல்லு மொளைக்கையில கடிச்சதா?

— என்னடி ஒளர்ற?

— ஐயா, கிட்ட வந்து பாருங்க. மேல ரெண்டு, கீழ ரெண்டு. இது யாரும் குத்தினது இல்ல. என் புள்ள கார்த்திகேசு கடிச்சது. எங்க ஆத்தா எனக்குப் பால் குடுத்த பாலாடை இது. பல்லு மொளைக்கிற நமைச்சல்ல இந்த மூக்க வாய விட்டு எடுக்கவே விடமாட்டான். காச்சல்ல போனப்ப என் ராசாவுக்கு இந்த நாலு பல்லுதான்.

— கங்காணி, என்ன இது? பாட்டன்ர சாமான் எண்டீர்?

— ஐயா, செத்தவன் மானம் போகக் கூடாதேன்னு மறைச்சேன். இவ புருசன் வேலாயுதம்தான் எங்கிட்ட வித்தான். கள்ளுக்கடைக்குப் போக. சாமி சத்தியமா!

— எப்ப வித்தாரு? புள்ள செத்த பெறகா?

— அதுக்கு முன்னால. புள்ள காச்சல்ல கெடக்கையில. அன்னையிலருந்து எம் பொட்டிய விட்டு வெளிய போனதில்ல.

— காளியம்மா மேல சொல்வீங்களா?

— காளியாத்தா மேல சத்தியம்! வர்ற திருவிழாவுக்கு நாந்தான் கோயில் தலைவரு, தெரியும்ல? நான் பொய் சொல்வேனா?

— கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

— முன்னாலயே வித்துட்டான்! போதுமா? நன்றி கெட்ட கழுத. புள்ள செத்த அன்னிக்கு நீயும் காச்சல்ல நெனவு தப்பிக் கெடந்த. உம் புருசன் புள்ளையத் துணியில சுத்திக் குடுத்துட்டு எந்திரிக்க முடியாம ஒக்காந்துட்டான். பொம்பளைங்க குழிக்கு வரமாட்டீங்க. இந்தக் கையால தூக்கிட்டுப் போயி, குழியில எறக்கி, மண்ணத் தள்ளுனது நான்.

— வேற யாரும் தொடலயா கங்காணி?

— ஒருத்தனும் கிட்ட வரல. காச்சலுக்குப் பயந்து லயமே கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்துச்சு. நான் ஒருத்தன்தான்.

— சரி, பவுனம்மா, விடு. உன்ர மனுசனும் செத்துப்போனான். இனி ஆரைக் கேக்கிறது? அழாதை.

— நான் அழல ஐயா. இத்தன நாளா நீங்க தேடுனது கெடைச்சிருச்சு, துரைகிட்டச் சொல்லுங்க. நெனவு தப்பிக் கெடக்கேன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. எம் புருசன் புள்ளையச் சுத்தி வச்சுட்டு முகம் கழுவப் போன நேரம் தவந்து போயி, சுத்துன துணிய அவுத்து, பால் இல்லாமப் போறானேன்னு இந்தப் பாலாடைய எம் புள்ள நெஞ்சு மேல வச்சு முடிச்சுப் போட்டவ நான். சாகுற வரைக்கும் அவருக்கே தெரியாது. அந்த முடிச்ச அவுத்த கை எதுன்னு இவனே வாயால சொல்லிட்டான். தங்கமணி, வள்ளியம்மா, அடுப்படிய விட்டு எல்லாரும் இங்க வாங்கடி! செத்துப்போன உங்க புள்ளைங்களையும் இந்தக் கைதான எறக்கி வச்சுச்சு.