நொண்டிக் கால் பறவை

— கிண்ணத்துல இருந்த பறவை எங்கம்மா போச்சு?

— இந்தப் பஞ்சுல இருக்கு சார்.

— விளையாடாதீங்க. நாளைக்குக் காலைல நம்ம மியூசியத்துல கண்காட்சி தொறக்கணும். மூவாயிரம் வருஷத்துக் கிண்ணம். தூசு தட்டித் தரச் சொல்லித்தானே உங்க மேசைக்கு அனுப்புனேன்?

— தட்டுனேன் சார். புற ஊதா விளக்குல காட்டுனா பறவை இருக்கற எடம் மட்டும் வேற நெறத்துல பளிச்சுன்னு தெரியுது. பஞ்ச அசிட்டோன்ல நனைச்சு வாலுல ஒரு ஒத்து ஒத்துனேன், கையோட வந்துடுச்சு. சூளையில வெந்த சாயம் இப்படி வராது.

— அடியில என்ன இருக்கு?

— பிளாஸ்டர். அந்த எடத்துச் சில்லு கெடைக்கவே இல்ல. ஓட்டைய அடைச்சு, மேல படம் போட்டிருக்கு. சுத்தியிருக்கற கோடும் அலையும் அசல். பறவை மட்டும்தான் போலி.

— மெதுவாப் பேசுங்கம்மா! என் புத்தகத்துக்கு அட்டையே அந்தப் பறவைதான். அது ஏன் ஒரு கால மடக்கி நொண்டுதுன்னு முழுசா ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன். காயம்பட்ட தெய்வம்னு பெரிய பெரிய ஆளுங்கள்லாம் ஒத்துக்கிட்டாங்க.

— படிச்சேன் சார். அழுதுட்டேன்.

— கிண்டலா?

— சத்தியமா இல்ல.

— அப்பத் தயவு பண்ணித் திரும்ப வரைஞ்சு வெச்சுடுங்க. உங்க கைக்கு ஒரு மணி நேர வேலை. ஈ, காக்காய்க்குத் தெரியாது.

— மாட்டேன் சார். அடைச்ச எடம் அடைச்ச எடமாத்தான் தெரியணும். எங்க தொழில்ல அதுக்கு மேல ஒரு சட்டம் கெடையாது.

— டைரக்டர் நாற்காலில உக்காந்திருக்கற என்னைப் பாத்து ஊரே சிரிக்கும்மா. நெஜமாவே பயமா இருக்கு.

— நாளைக்கு நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. வெறும் பிளாஸ்டரோட அந்தக் கிண்ணம் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க.

— எவன் செஞ்ச வேலை இது? பதிவேட்டுல இல்லையா?

— ஒட்டுனதா எழுதியிருக்கு. வரைஞ்சதா எழுதல.

— அந்த ஆள் மட்டும் இன்னும் இங்க வேலைல இருந்தா, இன்னிக்கே சீட்டக் கிழிச்சுடுவேன்!

— கிழிக்கத்தான் சார் வேணும்.

— இருங்க, இருங்க. வேற ஏதாவது பழைய கிண்ணத்துல இருந்த பறவையப் பாத்து வரைஞ்சிருக்கலாம்ல? அப்ப என் அத்தியாயம் தப்பிச்சுடுமே!

— பாத்துத்தான் வரைஞ்சது சார். ஆனா கிண்ணத்த இல்ல. அப்ப இந்த ஜன்னலுக்குத் தினமும் ஒரு புறா வரும். அதுக்கு ஒரு கால் ஊனம்.

— அதெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

— நான் வேலைக்குச் சேந்த மொத வருஷம் சார். பிளாஸ்டர் காயற வரைக்கும் என் கை சும்மா இருக்கல. வாய்தான் இருபத்தாறு வருஷமா சும்மா இருந்துடுச்சு.