மாடிவீட்டுச் சாவி

"அதுக்காக இப்பிடியா தம்பி? நேத்து சாயங்காலம் வந்து நின்னு, 'அக்கா, காலைல காலி பண்றோம்'னா நான் என்னன்னு எடுத்துக்கிறது? நான் ஒன்னயப் போகச் சொன்னேனா? ஒரு வார்த்தை? சொல்லு... இந்தா, பீரோவைச் செத்த சாய்ச்சுப் பிடி, செவுத்துப் பெயிண்டு உரிஞ்சிரும்."

ரூபி வாசற்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வருசமாக அவள் வீட்டு மாடியில் குடியிருந்த ரோஷன் குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ஜார்க்கண்ட்காரன். நத்தம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் அவனுக்கும் அவன் மனைவிக்கும் வேலை. அவள் எப்போதோ டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ரூபி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ரோஷனுக்குத் தமிழ் நன்றாக வரும். இருந்தும் அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் திறக்காததால் ரூபியின் பேச்சு எங்கேயும் நிற்கவில்லை.

"நான் படுற பாடு ஒனக்கென்ன தெரியும்? விடிஞ்சும் விடியாம ஐஸ்கட்டி போட்ட தண்ணித்தொட்டிக்குள்ள கழுத்து முங்க உக்காந்திருக்கேன். பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. மனசைத் திடமாக்குற ஆன்லைன் வகுப்பு எடுக்கிற எங்க கோச் மிக்கேல்ராஜ் சாரு போன்ல சொல்லுவாரு, 'ரூபி மேடம், எந்திரிச்சு ஓடாதீங்க. சங்கடத்தோட உக்காருங்க. மனுசன் வளர்றதே அங்கதான்.' எங்கூடச் சேர்ந்த டாக்டர் வீட்டம்மால்லாம் மொத நாளே அலறிக்கிட்டு ஓடிருச்சு. நான் அசையல! அப்புறம் வேப்பங்கொழுந்துச் சாறு... கூழாங்கல்லு மேல நடை... ஐயோ, பாதத்தைப் பாரேன். சரி, வேணாம், நீ வேலையப் பாரு.

"அதோட விட்டாரா மனுசன்? போன மாசம் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாரு. 'உடம்பு மட்டும் கஷ்டப்பட்டாப் பத்தாது மேடம். வெளியூர்ல இருந்து பிழைக்க வந்தவங்களை நம்ம சனம் கேவலமாப் பேசும்போது அவங்க பக்கம் நில்லுங்க. சங்கடமாத்தான் இருக்கும். நில்லுங்க'ன்னாரு. நான் அழுதுட்டேன், தெரியுமா? அன்னிக்கே ஒங்க ரெண்டு பேரு போட்டோவையும் ஸ்டேட்டஸ்ல வச்சேன். 'எங்க வீட்டுப் பிள்ளைக'ன்னு எழுதி. எம்புட்டுப் பேரு ஹார்ட்டு போட்டாக! வேற எந்த வீட்டுல வைப்பாக? ஒங்க கடுகெண்ணெய் வாசம் எனக்கு ஆகவே ஆகாது. ஒரு நாளாச்சும் முகத்தைச் சுளிச்சிருப்பேனா? ஜன்னலைத்தான் சாத்திக்கிட்டேன்.

"எதுத்த வீட்டு செபஸ்தியம்மா அக்கா கேஸ் சிலிண்டர் காணாமப் போச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நம்ம தெரு காத்தமுத்துவும் இன்னும் ரெண்டு பேரும் வந்து வாசல்ல நிக்கிறாய்ங்க. 'வடக்கன் ரூமை ஒரு தடவை பாத்துருவோம்'ங்கிறாய்ங்க. எங்க வீட்டுப் பையன் எடுக்க மாட்டான், போங்கடான்னு சொல்லத்தான் நெனச்சேன். சத்தியமா! தொண்டை வரைக்கும் வந்துருச்சு. ஆனா அக்கா என்னையே பாத்துக்கிட்டு நிக்குதே... எம்புட்டு வருசப் பழக்கம்! ஒரே தர்மசங்கடமாப் போச்சு. எங்கிட்ட இருந்த மாத்துச் சாவியக் குடுத்துட்டேன். ஒண்ணும் கிடைக்காது, ஒம் பேருதான் சுத்தமாகும்னு நல்ல எண்ணத்துலதான் குடுத்தேன்!

"நீ வெளிய பூட்டிட்டுப் போனதால உள்ள ஆளில்லன்னுல நெனச்சேன். நைட் ஷிப்டு முடிஞ்சு அவ படுத்திருந்தது எனக்கு எப்பிடித் தெரியும்? பாவம், திடுதிப்புன்னு மூணு ஆம்பளைக உள்ள வந்து நின்னா... அந்த அரிசி டப்பாவை எதுக்குக் கவுத்தாய்ங்கன்னுதான் தெரியல. சிலிண்டரு அரிசி டப்பாக்குள்ளயா இருக்கும்? நான் கேட்டேன்ல... மனசுக்குள்ள கேட்டேன்."

ரோஷன் நின்றான். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். ரூபி அவசரமாகப் பேச்சை எடுத்தாள்.

"அதான் சிலிண்டர் கிடைச்சிருச்சே! ஒனக்குத் தெரியாதா? அக்கா மருமகன் சொல்லாமக் கொள்ளாம வடமதுரைக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரும்போது அக்காதான் சொல்லிச் சிரிச்சுச்சு. 'அப்ப தெருவுல நாலு பேருகிட்டச் சொல்லிருங்கக்கா'ன்னு சொல்ல வாயெடுத்தேன். அது முகம் சுருங்கிப்போகுமேன்னு... வயசான மனுசியப் போய்ச் சங்கடப்படுத்துவானேன்? மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வண்டியப் பிடிச்சுட்ட!"

ரோஷன் வாளியை எடுத்து வண்டியில் வைத்தான். கயிற்றை இழுத்துக் கட்டினான். ரூபியின் குரல் இறங்கியது.

"கோவமாப்பா? தாடிக்கொம்புப் பக்கம் ஒத்த ரூமாமே. அங்கருந்து மில்லுக்கு எம்புட்டுத் தூரம்... சரி, விடு. இரு, ஒரு போட்டோ எடுத்துக்குவோம். அவளையும் இறங்கச் சொல்லு. செத்த நில்லு, போனை எடுத்துட்டு வாரேன்."

உள்ளே போனவள் தலைமுடியையும் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். குட்டியானை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ரோஷன் விட்டுப்போன மாடிச் சாவி வாசற்படியில் கிடந்தது. போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ரூபிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

எதிர்வீட்டு கேட் திறந்தது.

"போய்ட்டானா ரூபி?" செபஸ்தியம்மாள் எட்டிப் பார்த்தாள். "சட்டுன்னு மேல போய்ப் பாரு. ஃபேனு, குழாயெல்லாம் இருக்கான்னு. இவய்ங்கள நம்ப முடியாது."

ரூபி வாயைத் திறந்தாள். தெருவில் வேறு யாரும் இல்லை. சொல்ல வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்தும் இருந்தது.

"இந்தா, பாக்குறேங்க்கா."

மாடியேறிக் கதவைத் திறந்தாள். தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஈரம் இன்னும் காயவில்லை. ஃபேன் இருந்தது. குழாய்கள் இருந்தன. அடுப்படிச் சுவரில் ரோஷன் சொந்தமாக அடித்து வைத்த பலகை அப்படியே இருந்தது. கழிவறையில், மாற்றித் தருகிறேன் மாற்றித் தருகிறேன் என்று ரூபி தள்ளிப்போட்டதால் அவனே வாங்கி மாட்டிய பல்பைக்கூடக் கழற்றவில்லை.

"எல்லாம் இருக்கா ரூபி?" கீழேயிருந்து சத்தம் வந்தது.

"இருக்குக்கா!" என்று கத்தினாள்.

அப்புறம், "கூடுதலாவே இருக்கு" என்றாள். அது அறையைத் தாண்டிப் போகவில்லை.