கெரன்சாவின் லாக்கர்

டாம்சின்: அப்படி இழுத்தா வராது அங்கிள். கீழ ஒரு உதை விடணும். கெரன்சா அப்படித்தான் திறப்பா.

டென்சில்: உதைக்கறதா? நானூறு வருஷத்துக் காலேஜுன்னு வாசல்ல செதுக்கி வச்சிருக்காங்க...

டாம்சின்: கட்டடத்துக்குத்தான் நானூறு. லாக்கர் எல்லாம் போன வருஷத்துத் தகரம். தள்ளுங்க... ம், திறந்துருச்சு. அங்கிள்? உக்காருறீங்களா?

டென்சில்: இல்லம்மா. இவ்வளவுதானா என் பொண்ணு சாமான்?

டாம்சின்: பாட்டுக்குழு ஃபைல், கெமிஸ்ட்ரி நோட்டு, டீக் கோப்பை. இந்த பன்னு... பூசணம் பிடிச்சிருச்சு. நான் போட்டுடறேன்.

டென்சில்: வேணாம். பையில வை.

டாம்சின்: பூசணம் அங்கிள்...

டென்சில்: வைம்மா. அவ கடிச்சது.

டாம்சின்: ...சரி.

டென்சில்: அடக்கத்தன்னைக்கு நீதான் பாடினே, இல்ல?

டாம்சின்: பாடினேன்னு சொல்ல முடியாது. ரெண்டாவது வரியிலயே நிறுத்திட்டேன். கெரன்சா இருந்திருந்தா சிரிச்சிருப்பா. ஹால்ல படமாத் தொங்குறாரே, காலேஜைக் கட்டினவர்... அந்தப் படத்தைப் பார்த்து, 'காலையில டீ கிடைக்காத எங்கப்பா மாதிரியே இருக்காரு'ன்னு பாட்டுப் பயிற்சியில என்னைப் பாட விடாம சிரிக்க வைப்பா.

டென்சில்: அப்படியா சொன்னா, கழுதை...

டாம்சின்: அவ பேரைத் தங்க எழுத்துல பலகையில போடப் போறாங்களாம். கேம்ப்ரிட்ஜ் யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சவங்க பலகையில. பிரின்சிபால் சொன்னார்.

டென்சில்: போகாத பொண்ணுக்கா? டாம்சின், ஒண்ணு கேக்கறேன். லாரி அவ சைக்கிள்ல மோதினது ஒன்பது நாப்பதுக்கு. கடலோரச் சாலையில. ஆனா காலேஜ் வருகைக் கணக்குல அவ எட்டு அம்பதுக்கே உள்ள வந்துட்டா. போலீஸ்காரர் ரெண்டு தடவை கேட்டுட்டார். எப்படி?

டாம்சின்: வந்துட்டு... எதையோ மறந்துட்டேன்னு திரும்பிப் போனா.

டென்சில்: எதை?

டாம்சின்: தெரியல அங்கிள். புத்தகமா இருக்கும்.

டென்சில்: இந்தக் கையுறை?

டாம்சின்: அது லேப்ல போடறது. குடுங்க, நான் திருப்பிக் குடுத்துடறேன்.

டென்சில்: லேப்ல நண்டு வாடை அடிக்குமா?

டாம்சின்: அதைக் குடுத்துடுங்க அங்கிள்... ப்ளீஸ்.

டென்சில்: அழாதே. யாரும் பார்க்கல. சொல்லு.

டாம்சின்: அவ உள்ளயே வரல. அவ கார்டை நான்தான் வாசல் மெஷின்ல காட்டினேன். பிப்ரவரியிலேர்ந்து, தினமும். என்னோடதை ஒரு தடவை, அவளோடதை ஒரு தடவை.

டென்சில்: அவ எங்க இருப்பா?

டாம்சின்: துறைமுகத்துல நண்டு உடைக்கற ஷெட்டுல. விடியக்காலை அஞ்சு மணிக்குப் போவா. ஒன்பதரைக்கு விட்டாத்தான் பத்து மணி வகுப்புக்கு ஓடி வர முடியும். நகத்துக்குள்ள எல்லாம் ஓடு குத்தியிருக்கும். கணக்கு டீச்சர் பார்த்துட்டா மேஜைக்கடியில மறைச்சுக்குவா.

டென்சில்: எதுக்குப் போறான்னு நீ கேக்கலியா?

டாம்சின்: கேட்டேன். படிக்கப் போனா வேணும்ல, சேர்த்து வைக்கறேன்னா. 'எங்கப்பாவுக்குத் தெரியவே கூடாது, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. நீங்க வேற இடுப்பு ஒடிஞ்சு படுத்திருந்தீங்க...

டென்சில்: ம்.

டாம்சின்: அன்னைக்கு லேட்டாயிருச்சு போல. மழை வேற. வேகமா மிதிச்சிருப்பா. அங்கிள்... நான் கார்டு காட்டாம இருந்திருந்தா, வரலைன்னு வீட்டுக்குப் போன் போயிருக்கும். நீங்க அவளை நிறுத்தியிருப்பீங்க. அவ இப்போ...

டென்சில்: போதும்மா.

டாம்சின்: போதாது. நான் பிரின்சிபால்கிட்ட போறேன். என்னைக் காலேஜை விட்டு அனுப்பிடுவாங்க, பரீட்சை எழுத விட மாட்டாங்க. பரவாயில்ல. அவளைக் கொன்னது நான்தான்.

டென்சில்: உக்காரு.

டாம்சின்: விடுங்க அங்கிள்.

டென்சில்: உக்காருன்னு சொன்னேன்ல! ...போன் வந்துச்சு. பிப்ரவரி முதல் வாரம், நீ கார்டு காட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. மூணு தடவை வந்துச்சு.

டாம்சின்: உங்களுக்கா?

டென்சில்: காய்ச்சல்னு சொன்னேன். மூணு தடவையும்.

டாம்சின்: அப்போ... அப்போ எதுக்கு என்கிட்ட இவ்வளவும் கேட்டீங்க?

டென்சில்: வேற யாராவது ஒருத்தர் மேல பழியைப் போட முடியுமான்னு பார்க்கத்தான் வந்தேன். நீ கிடைச்சே. சின்னப் பொண்ணு... முடியலம்மா. அந்த ஷெட்டு வேலை என்னோடது. இடுப்பு போனதும், பதிலுக்கு ஆள் அனுப்பலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவோம்னாங்க. நான்தான் அவளை அனுப்பினேன். அப்பாவுக்குத் தெரியாதுன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னதும் நான்தான்.