தவளை இல்லாத குளம்

காலையில் எனக்குச் சர்க்கரை போடாத தேநீர்தான் பழக்கம். நீங்கள் கொடுத்ததில் சர்க்கரை இருந்தது, பரவாயில்லை, குடித்துவிட்டேன். கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன் ஐயா.

நகராட்சியில் பல்லுயிர்ப் பதிவேடு என் பொறுப்பு. எல்லைக்குள் என்னென்ன மரம், பறவை, பூச்சி, மீன் இருக்கின்றன என்று எழுதிவைக்க வேண்டும், அவற்றைக் காப்பாற்றவும் வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது பாதிக்கு யாரும் ஆள் போடவில்லை. முதல் பாதிக்கு நான் ஒருவன். போதாததற்குப் பூங்கா பெஞ்சுகளையும் குளத்து மரப்பாலத்தையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் என் தலையில்தான்.

ஒன்பது வருடம். என் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. சில நகராட்சிகளில் அடுத்தவர் அறிக்கையைப் பார்த்து எழுதி, கடலே இல்லாத இடத்துக்குக் கடலாமையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நான் நேரில் போவேன். நிற்பேன். கண்ணில் படாததை 'இல்லை' என்று எழுதுவேன். ஆபீசில் எனக்கு 'இல்லை சார்' என்றே பட்டப்பெயர். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கும் அப்படித்தான் போனேன், ஒரு கோடை மதியத்தில். பத்து நிமிடம் நின்றேன். தவளை எதுவும் தென்படவில்லை. 'தவளை: இல்லை' என்று எழுதினேன். அடுத்தடுத்த வருடங்களிலும் அதுவே. இல்லாதது எங்கிருந்து வரும்?

டீச்சர் வந்தது இந்த வருடம். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, தனியாக இருப்பவர். என் மனைவிக்குப் பாடம் எடுத்தவர். எங்கள் பல்லுயிர்க் குழுவில் பெயருக்கு ஓர் உறுப்பினர் வேண்டியிருந்தது, போட்டோம். பெயரோடு நிற்பார் என்று நினைத்தோம். ஒரு நாள் என் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, குளத்துல தவளையே இல்லைன்னு போட்டிருக்கீங்களே. நான் அறுபத்திமூணு எண்ணினேன். முதுகுல மஞ்சக் கோடு போட்ட சின்னத் தவளை. இது எல்லா இடத்துலயும் கிடைக்காது, தெரியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்தியது. குற்றம் கண்டுபிடித்தவர்கள் கோபப்படுவார்கள். சிரிப்பவர்களிடம் வேறு ஏதோ இருக்கிறது.

யாரோ வாளியில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாரம் விடியற்காலையில் நீரேற்று நிலையத்துச் சுவரை ஒட்டி நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். டீச்சர் ஒரு பெரிய துணிப்பையோடு வருவார். பாலத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதுவார். ஒரு நாள் அவர் அந்தப் பக்கம் நகர்ந்தபோது பையைத் திறந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்க், மடக்கு நாற்காலி, துண்டு. தவளை இல்லை. கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன். "டீச்சரையா? எறும்பு ஏறினாக்கூட ஊதித் தள்ளிவிடுறவங்க. உங்களுக்கு வரவர நிழலைப் பாத்தாலும் சந்தேகம்" என்றாள். அவள் எதற்கு இவ்வளவு அவசரமாக அந்தப் பக்கம் பேசுகிறாள் என்று யோசித்தேன். அதைப் பிறகு விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை குளத்தை நேரில் பார்வையிட அதிகாரி வருகிறார். டீச்சர் எழுதிப் போட்டிருக்கிறார். அதிகாரி என் பதிவேட்டையும் குளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டில் ஒன்று மாற வேண்டும். பதிவேட்டில் அடித்து எழுத எனக்குக் கை வராது.

குளத்தை மூடி வண்டி நிறுத்துமிடம் கட்ட நினைப்பவர்கள் ஏவினார்களா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். யாரும் ஏவவில்லை ஐயா. சுகாதாரப் பிரிவுக் கிடங்கில் கொசு மருந்து இருக்கிறது. கேன்களை எடுத்ததும் நான், கிடங்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதும் நான். எதையும் எழுதாமல் எடுக்கிற பழக்கம் எனக்கில்லை. டீச்சர் ஊரில் இல்லாத திங்கள், செவ்வாய், புதன், மூன்று விடியற்காலை ஊற்றினேன். மிதந்ததை வலைபோட்டு அள்ளிச் சாக்கில் கட்டிப் புதைத்தேன். மீன்களும் வந்தன. அவற்றைப் பதிவேட்டில் அடிக்காமல், புது வரி போட்டுச் சரியாகக் குறைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் டீச்சரின் போன்.

"தம்பி, எந்தப் பாவியோ குளத்துல மருந்து ஊத்திட்டான். ஒரு சத்தம் இல்லை. சீக்கிரம் வாங்க, நம்ம ரெண்டு பேரும் சாட்சியா இருக்கணும்."

போனேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. பாலத்தின் கோடியில், பாசிக்கு நடுவில் ஒரே ஒரு தவளை செத்து ஒதுங்கிக் கிடந்தது. என் வலைக்குத் தப்பியது. அதை எடுத்துப் புட்டியில் போட்டு அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்றார். கோடியில் இருந்த இரண்டு பலகைகள் அடியில் உளுத்துப்போனவை. போன மாதச் சோதனையில் நானே எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் தண்ணீர் இரண்டு ஆள் ஆழம், அடியில் சேறு.

டீச்சர் ஒரு காலை எடுத்துவைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பலகை தாங்குமா தம்பி? உங்களுக்குத்தானே தெரியும்."

"தாங்கும் டீச்சர், போங்க" என்றேன்.

நான் தொடவில்லை. தள்ளவில்லை. பலகை முறிந்தது, அவர் உள்ளே போனார். ஒரு தடவை மேலே வந்து கையை நீட்டினார். தூரம் அதிகமில்லை. குனிந்தால் எட்டும். எனக்கு நீச்சலும் தெரியும், நீங்கள் விசாரித்திருப்பீர்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் அடங்கும்வரை நின்றேன். பிறகு அந்தத் தவளையை ஒரு குச்சியால் இழுத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். டீச்சரைக் கொன்றது நான்தான். இதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

நீங்கள் காட்டிய கடிதத்தைப் படித்தேன். அவர் வீட்டில், கைப்பையில் இருந்ததாகச் சொல்கிறீர்கள். வெள்ளிக்கிழமை நேரில் கொடுக்க அதிகாரிக்கு எழுதியது. 'பதிவேட்டுத் தம்பி ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் பார்க்கிறார். தவளையைக் கோடையில் தேடியதால் காணாமல் போயிருக்கும், அது அவர் பிழை அல்ல. இருவரும் சேர்ந்து எண்ணி எழுதுகிறோம். அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்' என்று இருக்கிறது. இரண்டு முறை படித்தேன்.

அந்தக் கையெழுத்தை மட்டும் நிபுணரிடம் கொடுத்து நன்றாகச் சோதித்துப் பாருங்கள் ஐயா. இதில் ஏதோ சூது இருக்கிறது.