உதயன் கைப்பு

பியரை ஐஸில் வைத்துக் குடிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. குளிர்ந்தால் நாக்கு விறைத்துவிடும். பிறகு நல்லதும் ஒன்றுதான், கெட்டதும் ஒன்றுதான். ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள், காய்ச்சியவனின் குணமே தெரியும். நீங்கள் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான் உதயரூபனைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதற்குப் பியரிலிருந்துதான் தொடங்க வேண்டும், கொஞ்சம் பொறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வினாயகமூர்த்தி. ஊர் நாவற்குடா. பாடசாலை ஆய்வுகூட உதவியாளராக இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். சுனாமிக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை இறைத்துத் துப்பரவாக்க வந்த பீட்டர் என்ற வெளிநாட்டு இஞ்சினியர் என் வீட்டு முன்னறையில் ஒரு வருடம் இருந்தார். வீட்டில் பியர் காய்ச்சக் காட்டித் தந்தது அவர்தான். தானியத்தை முளைக்கவிட்டு, காயவைத்து, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் போட்டு வாளியை மூட வேண்டும். எனக்கு வெப்பமானி பார்க்கத் தெரியும், பொறுத்திருக்கவும் தெரியும். அதற்குமேல் இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை.

பீட்டர் ஊருக்குப் போன பிறகு எங்கள் பக்கத்தில் ஒன்பது பேர் காய்ச்சினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் என் முற்றத்தில் கூடுவோம். முதல் வருடம் எல்லாரும் இனிப்புக்குப் பின்னால் போனார்கள். பனங்கட்டியை அள்ளிப் போட்டுச் சீனிப்பாணி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். அடுத்த வருடம் கறுப்பு. குரக்கன் தானியத்தைக் கருக வறுத்து, கோப்பி வாசம் வருகிறதென்று ஆளுக்காள் புளுகிக்கொண்டார்கள். தடிப்பாக இருந்தால் உடம்புக்குச் சத்து என்றுகூட ஒருவன் சொன்னான். நான் மாறவில்லை. முளைநெல்லும் நிலவேம்பும் போட்ட, தெளிந்த, பொன்னிறமான கைப்பு பியர்தான் என்னுடையது. பீட்டர் விட்டுப்போன, பியருக்குக் கைப்பு கொடுக்கும் ஹொப்ஸ் பூ முடிந்ததும் அதற்குப் பதில் நிலவேம்பைப் போட்டுப் பார்த்த முதல் ஆள் நான். அதையும் எழுதுங்கள்.

எல்லாருக்கும் போத்தலும் மூடியும் காத்தான்குடி றவூப்தான் கொடுப்பார். அவர் குடிக்கமாட்டார், பகிடிக்கு மட்டும் குறைவில்லை. "என்ன மூர்த்தி, நாவற்குடா முழுக்க எண்ணெய் வியாபாரம் நடக்குதா?" என்று கேட்பார். ஒரே மாதிரிப் போத்தல், ஒரே மாதிரி மூடி. பார்த்தால் யாருடையது என்று தெரியாது. என் கண்ணைக் கட்டி ஒன்பது கிளாஸ் வைப்பார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு ஆளைச் சொல்வேன். ஒருநாளும் பிழைத்ததில்லை. இந்தக் கதை ஊரெல்லாம் தெரியும்.

உதயரூபன் பிரிஜ் திருத்துகிறவன். வயது முப்பத்திரண்டு. எனக்குத் தம்பி மாதிரி, அவனுக்குக் காய்ச்சப் பழக்கியதும் நான்தான். 2008 வைகாசியில் மரமுந்திரிப் பழத்தைப் பிழிந்துவிட்டு ஒரு புளிப்பு பியர் கொண்டுவந்தான். வாய்க்கால் தண்ணீர் மாதிரிக் கலங்கல். அன்று எட்டுப் பேரும் அதையே இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வாங்கிக் குடித்தார்கள். என் போத்தல்கள் மூடி திறக்காமல் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு உதயன் சிரித்தபடி சொன்னான்: "மூர்த்தியண்ணட பியர் காய்ச்சலுக்கு நல்லம். காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு. மறுகா ஒரு வருத்தமும் கிட்ட வரா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு எட்டுப் பேரும் புளிப்பைத்தான் கொண்டுவந்தார்கள். ஒருவன் என்னிடமே, "நீங்களும் பழம் போட்டுப் பாருங்களன் அண்ண" என்றான். மூன்று வருடமாக நான் கட்டிக் காத்த சுவை நாலு கிழமையில் போய்விட்டது. எனக்கு அது கவலையாக இருந்தது. கவலை வேறு, கோபம் வேறு.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல, ஆயுதம் வைத்திருந்த ஆட்களின் முகாமிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். எந்த ஆட்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த நாட்களில் நாங்கள் கேட்பதில்லை. அங்கே மேசையில் ஆறு போத்தல் இருந்தது. கிரான் ஊருக்கு அப்பால் பற்றைக்காட்டில் யாரோ ஒளித்திருந்த இடத்தில் அகப்பட்டதாம். ஆட்கள் தப்பிவிட்டார்கள், போத்தல் மிஞ்சிவிட்டது.

பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, நீங்கதானாம் குடிச்சுப் பார்த்து ஆளைச் சொல்லுற. இது ஆருட வேலை?"

கழுவிய கிளாஸ் ஒன்று கேட்டேன். ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மிடறு குடித்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு மிடறு குடித்தேன். பிறகு உதயரூபனின் பெயரையும் அவன் வீடு இருக்கும் ஒழுங்கையையும் சொன்னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

"எனக்குப் பிழைக்கிறல்ல," என்றேன்.

அன்று பின்னேரமே வெள்ளை வான் வந்தது. உதயனின் மனைவி பிரஷாந்தி என் வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள். "அண்ண, அவரக் கூட்டிப் போயிட்டாங்க. விசாரிச்சுப்போட்டு விடுறதாம். அவர் ஆருக்கு என்ன செய்தவர் அண்ண?" நான் அவளை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்து அடித்துவிட்டு விடுவார்கள், அவன் வீட்டில் ஊறுகிற ஒரு வாளி பியர் பழுதாகும், ஊர் கொஞ்சம் அடங்கும் என்றுதான் நான் நினைத்தேன். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அவன் வீட்டில் ஒரு வாளி போத்தலில் அடைக்கும் பதத்தில் இருந்தது ஞாபகம் வந்து போனேன். பிரஷாந்தி புனலைப் பிடித்தாள், நான் ஊற்றினேன். "பழுதாக விட்டா வந்து ஏசுவார் அண்ண," என்றாள். கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. இருபத்திரண்டு போத்தல் வந்தது. என் வீட்டில் சூடு குறைவு என்று சொல்லி எடுத்துப்போனேன். குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், மிக நன்றாக இருந்தது. ஆவணி முடிவதற்குள் இருபத்திரண்டையும் தனியே குடித்து முடித்தேன். அவன் வரவில்லை. அவள் கொடுத்த மனுக்கள் எல்லாம் நான் எழுதியவைதான். உங்கள் கோப்பில் இருக்கிற அந்த நல்ல கையெழுத்து என்னுடையது.

இப்போது சண்டையும் முடிந்துவிட்டது. பாதைகள் திறந்து, கல்குடாக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் திரும்ப வருகிறார்கள். எங்கள் பக்கத்திலும் புதிய பெடியங்கள் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வருடம் எது எடுபடுகிறது தெரியுமா? கைப்பு. தெளிந்த, பொன்னிறமான கைப்பு. அந்த ஆறு போத்தலையும் பொறுப்பாளர் குடித்துவிட்டு, இப்படி ஒன்றைத் தான் வாழ்க்கையில் குடித்ததில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். கதை பரவி, அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், உதயன் கைப்பு என்று. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் எனக்கே ஊற்றித் தந்தார்கள். "உதயண்ணட முறை ஐயா. அவரப்போல இனி ஒராள் வரா," என்றான் தந்தவன். முளைநெல், நிலவேம்பு, எல்லாம் என் முறை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். காட்டில் அகப்பட்ட ஆறு போத்தலும் என்னுடையவை. முதல் மிடற்றிலேயே தெரிந்துவிட்டது. என் கிணற்றில் சுனாமி விட்டுப்போன உப்பு, பீட்டர் மூன்று தரம் இறைத்தும் முழுதாகப் போகவில்லை. கைப்புக்குப் பிறகு அது நாக்கின் அடியில் வந்து நிற்கும். இரண்டாம் மிடறு நான் ஆசைக்குக் குடித்தது. எனக்கு நெல் தரும் கிரான் யோகராசாவுக்குப் பணத்துக்குப் பதிலாக மாதம் பன்னிரண்டு போத்தல் கொடுத்து வந்தேன். அங்கிருந்து அவை எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. உதயன் கிரான் பக்கம் போனதே இல்லை. தெரிந்துகொண்டுதான் அவன் பெயரைச் சொன்னேன்.

பிரஷாந்தி வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். தனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து என்னோடு பஸ்ஸில் வந்தவள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அழுவாள். அழுது முடித்ததும், உதயனுக்குப் புளிப்புத்தான் வரும், கைப்பு அவனுடையது இல்லை என்பதை நீங்களே விளங்கப்படுத்துங்கள். நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பாள்.